துபாய் நேரம்

புதுவாயலில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தபோது, இரும்பு ஆலையில் வேலை செய்த ஒருவர் பழவேற்காட்டிலிருந்த தன் வீட்டுக்குப் பேச வாராவாரம் வருவார். அனலில் கருத்த முகம். துபாய்க்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் ஏமாற்றிவிட்டதை அவர் வீட்டில் சொல்லவேயில்லை. துபாயிலிருந்து பேசுவது போலவே பேசுவார். உளறிவிடாமலிருக்கக் கைக்கடிகாரத்தில் துபாய் நேரம் வைத்திருந்தார். வெளியே கண்டக்டர் "பழவேற்காடு" என்று கத்தினால் ரிசீவரைப் பொத்திக்கொள்வார்.

ஒருநாள் போனிலேயே உடைந்து அழுதார்.

"எனக்காவ காத்துக்கினு இருக்காதீங்க. அடக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு, "உம்மா மௌத்தாயிட்டாங்க சார்" என்றார்.

வாசலிலேயே பழவேற்காடு பஸ் நின்றுகொண்டிருந்தது. "ஏறுங்க பாய், ஒரு மணி நேரத்துல பூடலாம்" என்றேன்.

"துபாய் அண்ணன நம்பித்தான் தங்கச்சிக்கு நிக்கா பேசிக்கிறாங்க. இப்ப இன்னான்னு சொல்லிக்கினு போயி நிப்பேன்?"

பஸ் போய்விட்டது. அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"இங்க மணி இன்னா சார்? லுஹர் தொழுதுட்டு உம்மாவ எடுத்துருவாங்க."

சொன்னேன். முள்ளை நம்மூர் நேரத்துக்குத் திருப்பினார். நண்பகல் தொழுகை முடியும் அந்த வேளை வந்ததும் பூத் ஓரமாக மேற்கே பார்த்துக் கைகட்டி நின்று, தாய்க்கான இறுதித் தொழுகையைத் தனியாகத் தொழுதார். பழவேற்காடு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.