முத்துராக்கு வீட்டுச் சுவர்

போன வாரம் என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் பதிந்தேன். ஐந்தாம் நாள் போனில் மெசேஜ் வந்துவிட்டது. யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சுவரில் என்ன மாட்டியிருக்கிறோம் என்று எட்டிப் பார்க்கவில்லை. மிஷினிலிருந்து வந்த தாளைச் சூடு ஆறாமல் கையில் வாங்கினேன். அந்தச் சூட்டு வாசனை ஏறியதும் தாளையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, எதுவும் தப்பா அடிச்சிருக்கா?" என்றான் கடைத் தம்பி.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். சரியாக இருந்ததுதான் எரிச்சல்.

அதே வாசனையோடு ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த நாட்கள் உண்டு. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பத்தாவது முடித்துவிட்டுத் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பூசையில் பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்த அருளானந்து சார், ஓய்வு பெற்ற வாத்தியார். "நீ பேச வேணாம்மா, எழுதுனாப் போதும்" என்றார். பேச வேண்டாம் என்று சொன்னதற்காகவே, ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அவர் குழுவில் சேர்ந்தேன். நீதி, நியாயம் எல்லாம் அப்புறம் படித்துக்கொண்டது.

கல்லல் ரோட்டில், கண்மாயை ஒட்டி இருபது குடிசைகள் இருந்தன. காட்டுநாயக்கர் குடும்பங்கள். பன்றி வளர்த்துப் பிழைத்தார்கள். பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 'நீங்கள் பழங்குடியே இல்லை' என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். அதனால் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுபோவார்கள். முத்துராக்கு மட்டும் பன்னிரண்டாவது தேறி, நர்சிங் படிப்புக்கு இடமும் பிடித்துவிட்டாள். சேருவதற்கான கடைசி நாளுக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதற்காகச் சாரும் நானும் இன்னும் மூன்று பேரும் மனு மேல் மனுவாகப் போட்டோம்.

வெளியாட்களை விடுங்கள், எங்கள் கோயில் வாசலே எங்களைக் கரித்துக்கொட்டியது. பங்குப் பேரவைச் செயலாளருக்கு நாங்கள் பக்கத்தில் வந்தாலே மூக்கு சுருங்கும்.

"என்ன சார், பன்னி மேய்க்கிறவுகளுக்கு வக்கீலாப் போயிட்டீகளாமே? பாவசங்கீர்த்தனத் தொட்டியையும் அங்குட்டே தூக்கிட்டுப் போயிருங்க."

"அது இங்கனயே இருக்கட்டும். பாவத்தச் சொல்ல ஒங்களுக்கு அடிக்கடி தேவைப்படும்ல" என்றார் சார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு படமாவது கொடுத்துவிட்டுத்தான் வருவோம். அந்த வருஷம் கோயிலில் மாதா காலண்டர் மிஞ்சிக் கிடந்தது. வெறுங்கையோடு போகக் கூசி, நானாகவே நாலைந்து எடுத்துக்கொண்டு போனேன். சாரிடம் கேட்கக்கூட இல்லை. முத்துராக்குவின் அம்மா ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினாள். முத்துராக்கு அதில் கடைசி நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

விசாரணைக்கு, சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி சொல்லாமல் வந்தார். சார் சிவகங்கைக்குப் போயிருந்தார். ஒரு மனுவில் கைநாட்டு வாங்கப் போன நான் மட்டும் அங்கே இருந்தேன். அதிகாரி முத்துராக்குவின் அப்பாவைப் பார்த்து, "பாம்பு பிடிப்பியா? குடுகுடுப்பை அடிச்சுக் காட்டு" என்றார். பன்னிரண்டாவது தேறிய மகள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த மனுஷன் வெறுங்கையை ஆட்டிக் காட்டினார். பிறகு அதிகாரி குனிந்து குடிசைக்குள் பார்த்தார்.

"ஓகோ, மாதா! மதம் மாறி வேதத்துல சேந்தாச்சு. பெறகு என்னடா பழங்குடி?"

"தேதி பாக்க மாட்டுனது சாமி. நாங்க எந்தக் கோயிலுக்கும் போறதில்ல" என்றாள் அம்மா.

"யாரு குடுத்தா?"

அம்மா என்னைப் பார்த்தாள். முத்துராக்குவும் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடி ஆனது.

பழங்குடிக்கு மதம் ஒரு தடையே இல்லை என்று சார் கத்திப் பார்த்தார். பிறகு என்னிடம், "காலண்டர் அங்க எப்படி வந்துச்சுன்னு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடும்மா. மேல்முறையீட்டுல அது போதும்" என்றார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. கையெழுத்துப் போடுவதற்குள் விஷயம் காதுக்கு எட்டி, ஞாயிற்றுக்கிழமை செயலாளர் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டீன்னா, வீடு வீடாப் படம் குடுத்து மதம் மாத்துறாகன்னு நம்ம மேலயே கேஸ் போடுவாக. கோயிலுக்குப் பூட்டுப் போட வச்சிராத தாயி. ஒனக்கும் மாப்பிள்ளை பாக்குறாகல்ல?"

அவர் பயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்படி வழக்கு வந்த ஊர்கள் உண்டு. அதனாலேயே அவரை இன்னும் வெறுக்கிறேன். நான் உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார். நானும் கையெழுத்துப் போடவில்லை.

கடைசி நாள் தாண்டிப் போனது. பிறகு ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் முத்துராக்குவைப் பார்த்தேன். திருப்பூருக்கு மில் வேலைக்குப் போகப் பையோடு நின்றாள். நான் ஏதோ முனக, அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எங்களுக்கு நல்லது செய்யுறேன்னு நீங்க வராமயே இருந்திருந்தா, அந்தாளு கேக்க ஒண்ணுமே இருந்திருக்காதுக்கா."

சார் இறந்துவிட்டார். எங்கள் பங்கில் இப்போது அப்படி ஒரு குழு கிடையாது. செயலாளர் மட்டும் இருக்கிறார். பூசை முடிந்து வெளியே வந்தால் எனக்குத் தோத்திரம் சொல்கிறார், நானும் பல்லைக் காட்டுகிறேன். குடிசைகள் இருந்த இடத்தில் பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் எங்குட்டுப் போயின என்று விசாரித்தேன். பக்கத்துக் கடைக்காரருக்கு, அப்படிச் சிலர் இருந்ததே ஞாபகம் இல்லை.

இந்த வயதில் எனக்குக் கொஞ்சம் பேச வருகிறது. ரேஷன் கடையில் சண்டைகூடப் போடுகிறேன். 'படம் குடுத்தது நான்தான்' என்று இப்போது திக்காமல் சொல்வேன். சொல்லத்தான் அங்கே ஒரு வீடும் இல்லை.