மணல் தைத்த போர்வை

கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டால் தூக்கம் வரும் என்று சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள். அவள் வாப்பா, என் வீட்டுக்காரர், துபாயில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் கனம் என்றால் விமான நிலையத்தில் மானத்தை வாங்குகிற சங்கதி. ஒரு கிலோ கூடினால் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு அசடு வழிய வேண்டும். அந்தக் கனத்தை ஆசைப்பட்டு மேலே இழுத்துப் போட்டுக்கொள்வார்களாம்!

ஆனால் எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. வெட்கத்தை விட்டு ஆன்லைனில் பார்த்தேன். அந்த விலைக்குக் கட்டிலே வாங்கலாம். வீட்டில்தான் தையல் மெஷின் இருக்கிறதே என்று இறங்கிவிட்டேன். கட்டம் கட்டமாகத் தைத்து உள்ளே கண்ணாடி மணி நிரப்ப வேண்டும், நம் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று மகள் அனுப்பிய வீடியோ சொன்னது. என் எடையைக் கொஞ்சம் குறைத்தே கணக்குப் போட்டேன். போர்வையிடம்கூட உண்மை சொல்ல மனம் வரவில்லை.

தென்காசி பஜாரில் மணி கேட்டேன்.

"மாலை கோக்கவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி, தூங்க."

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பயறு போடலாமென்றால் குற்றாலச் சீசன். இந்த ஈரத்தில் முளைத்துவிடும். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கேட்டு எம் சாண்ட் மணல் வாங்கிச் சலித்து அலசினேன். சாரலில் எதுதான் காய்கிறது? வாணலியில் போட்டு வறுத்தேன்.

"ஏட்டி, என்னத்த வறுக்க? மணமே காணும்?" என்று அடுத்த வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"மணலுக்கா."

"அல்லாவே!" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

முதல் கட்டத்தில் மணல் தையல் வழியே ஒழுகியது. நெருக்கமான துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து உள்ளே வைத்தேன். மகள் சொன்னது சரிதான், அன்றைக்கு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

அந்த வாரமே அவர் துபாயிலிருந்து லீவில் வந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரே அருவிக்குப் போய் அடி வாங்குது. நீ வீட்டுலயே மணல் மூட்டைக்கு அடில படுக்கியேட்டி!"

ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் போர்வை அவர் மேல் கிடக்கும். கேட்டால், "குளுந்துச்சு" என்பார். லீவு முழுக்க அவருக்குக் குளிர்ந்துகொண்டே இருந்தது.

திரும்பிப் போகிற நாளில் பெட்டியைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். அல்வாவை வெளியே எடுத்தார். கூட்டாளி வீட்டில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தையும் எடுத்தார். பிறகு போர்வையை மடித்து உள்ளே வைத்தார்.

"மச்சான், என்ன செய்யுதீய?"

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அங்கன தூங்கியே ரொம்ப வருசமாச்சுட்டி."

தினமும் போனில் "நல்லாத் தூங்குனேன்" என்று சொன்ன வாய் அது. நானும் அதையேதான் சொல்லிவந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிளேடை எடுத்து அத்தனை தையலையும் பிரித்து மணலைக் கொட்டினேன்.

"பாலைவனத்துக்கு யாராச்சும் மணல் சுமப்பாவளா? அல்வாவ வைங்க. துணிய மட்டும் கொண்டுபோய் அங்கன நெறச்சுத் தைங்க."

போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில் வீடியோவில் போர்வையைக் காட்டினார். தையல் கோணல் மாணலாக ஓடியிருந்தது.

"தூங்குனீயளா?"

"நல்லாத் தூங்குனேன்."

"மச்சான், உண்மையச் சொல்லுங்க."

போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"இல்லட்டி. பேசாம வந்துரட்டுமா?"

"மணல அங்கனயே கொட்டிட்டு வாங்க" என்றேன்.