தரிசு என்று நான் எழுதிய கொறங்காடு

செவ்வாய்க்கிழமை காலையில் குண்டடம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் தனியார் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே, "ஏனுங்க, உங்க ஆரோக்கியம் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம்" என்றார். விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். இனி அவரிடம் சொல்ல முடியாதே என்ற பயம்.

ஆரோக்கியசாமியும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே கொட்டகையில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர்கள். எங்களிடம் எழுதிக்கொண்டவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். அவருடைய டி.வி.எஸ். பிஃப்டியும், சக்கரத்தில் அப்பியிருக்கும் செம்மண்ணும் அவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தொழிலில் யாரும் நிலத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லைகளை இறக்கி எழுதிவிடுவோம். அவர் மட்டும் போவார். நடுக்காட்டில் நின்று, "இத நீங்க என்னன்னு சொல்றதுங்க?" என்று உடையவரிடம் கேட்பார். அவர்கள் சொல்லும் சொல்லைத்தான் சொத்து விவரத்தில் எழுதுவார்.

நமக்குக் காடு என்றால் மரம் இருக்க வேண்டியதில்லை. மழையை நம்பி உழுகிற மேட்டு நிலமெல்லாம் காடுதான். ஊர் மாடுகள் காலையில் கூடுகிற இடம் மந்தை. புல்கூட முளைக்காமல் வெயில் மட்டும் விளைகிற இடம் பொட்டல். சுற்றிலும் கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பத்துப் பதினைந்து வெள்வேல மரமும் நிற்க, ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால், அது கொறங்காடு. தூரத்தில் ரோட்டிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே வெட்டவெளிதான். ஆரோக்கியம் ரோட்டிலிருந்து பார்க்கிற ஆள் இல்லை.

ஒருமுறை திருப்பூர் கம்பெனி மேனேஜர் ஒருவர் வந்து, "எம்ட்டி லேண்டுதான் சார், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார். ஆரோக்கியம் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எம்ட்டின்னு நீங்க சொல்றீங்க. நேத்து நான் போறப்ப நாப்பது செம்மறி மேஞ்சுட்டு இருந்துதுங்களே" என்றார். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று எனக்கு அப்போது எரிச்சல்தான். "தரிசுங்கறது மண்ணோட பேரு இல்லீங்க பழனி. அந்த வருசம் உழுகாம உட்டவனோட பேரு" என்று அவர் சொன்னபோதும் சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரை.

எண்பதுகளின் நடுவில், அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்காக ஆரோக்கியத்தைத் தேடி வந்தார்கள். அவர் ஊரில் மாதா கோயில் தேர்த் திருவிழா. கிளம்பும் அவசரத்தில், "நீங்க எழுதி வெய்யுங்க பழனி, திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடறேன். அந்தக் காட்ட மட்டும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சகோதரர்களுக்கு வெள்ளையம்மாள் என்று ஒரு அக்கா. கணவனை இழந்து தகப்பன் வீட்டோடு வந்துவிட்டவர். "அக்கா ஆடு ஆயுசுக்கும் அந்தக் கொறங்காட்டுல மேயட்டுங்க. அத ஒரு வரி எழுதீருங்க" என்று தம்பி சொன்னார்.

நான் போகவில்லை. நல்ல வெயில். பழைய கணக்கில் அந்த இடம் 'தரிசு' என்று இருந்தது. நானும் தரிசு என்று எழுதினேன். தரிசில் என்ன மேய்ச்சல், வெட்டி வரி எதற்கு என்று அந்த வரியையும் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஆரோக்கியம் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்துட்டு எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேனுங்க" என்றேன்.

எழுதியவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது தம்பி கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்திருக்கலாம், வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அண்ணன் தன் பங்குக்கு வந்த அந்தக் கொறங்காட்டை ஒரு பிளீச்சிங் பட்டறைக்கு விற்றார். வேலியை வெட்டி, மரங்களைத் தள்ளி, நிரவி, வெளுத்த பனியன் துணி காயப்போடும் களமாக்கினார்கள்.

வெள்ளையம்மாள் எங்கள் கொட்டகைக்கு வந்தார். நேராக ஆரோக்கியத்தின் மேஜைக்குத்தான் போனார். "ஏஞ்சாமி, எங்கப்பன் காலத்துல இருந்து எம்பட ஆடு மேஞ்ச கொறங்காடுங்க அது. உங்க எழுத்துல அத எங்கீங்க காணோம்? நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். ஆரோக்கியம் எழுந்து நின்று, "தப்புத்தானுங்க அம்மா. கையெழுத்து என்னுதுங்க" என்று கும்பிட்டார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் குனிந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டீ வந்தால் எப்போதும்போல முதல் டம்ளரை என் பக்கம் நகர்த்துவார். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். வெள்ளையம்மாள் ஆடுகளை விற்றுவிட்டு அதே இடத்தில் துணி விரிக்கும் வேலைக்குப் போனார். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், வெள்ளைத் துணிகளுக்கு நடுவே குனிந்து நிற்கும் அவரைப் பார்த்து, எத்தனையோ முறை முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆரோக்கியத்தின் அடக்கத்துக்கு வெள்ளையம்மாளும் வந்திருந்தார். கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "கெட்ட மனுசன் இல்லீங்க சாமி. அந்த ஒரு எழுத்துலதான் அவசரப்பட்டுட்டாரு. நான் அன்னைக்கே மன்னிச்சுட்டனுங்க" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன்.

ஆரோக்கியத்தை அறிந்தவர்களே, அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான். அவர் செய்யாத தப்புக்குக் கும்பிட்டார், செய்யாத தப்புக்கு மன்னிப்பும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெள்ளையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. அவர் வீட்டுக்குப் போய் இதை நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

ஆரோக்கியசாமியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

பாக்கலீங்க, ஆரோக்கியம். நான் போய்ப் பாக்கவே இல்லீங்க.