தொட்டியில் இறங்குமுன் ஒரு கிளாஸ்

கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்திருந்த அந்தச் சில வருஷங்களில் நான் மண்ணரை என்ற ஊரில் பனியன் துணிச் சலவைப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் வெள்ளகோவிலில் எண்ணெய்ச் செக்கு, பிறகு லாரியில் கிளீனர், பிறகு ஓட்டலில் மாவாட்டினேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துபோனது. ஓரிடத்தில் நெடுநாள் தங்குகிற உடம்பல்ல என்னுடையது. சலவைப் பட்டறையில் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தேன். சாராயம் மனுஷனுக்கு நல்லது செய்கிறதா, கெட்டது செய்கிறதா என்று எனக்கு அங்கே ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

பனியன் துணி மிஷினிலிருந்து வெள்ளையாக வருவதில்லை. பழுப்பாக, எண்ணெய்க் கறையோடு, நீண்ட குழாய் போல வரும். அதைச் சோடாக் காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமெண்டுத் தொட்டியில் போடுவோம். பிறகு இரண்டு இரண்டு பேராக உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் தண்ணீர். மார்கழியில் விடிந்தும் விடியாமலும் இறங்கினால் குளிர் எலும்பைப் பிடிக்கும். பவுடர் நெடியில் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். கொஞ்ச நாளில் அந்த நெடி தெரியாமல் போய்விடும். நெடி குறைந்ததால் அல்ல, மூக்கு செத்துப்போவதால். அதன் பிறகு மல்லிகையும் மாட்டுச்சாணமும் நமக்கு ஒன்றுதான்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. தொட்டியில் இறங்குமுன் மூத்த தொட்டிக்காரர் ஒரு கண்ணாடிக் கிளாஸில் சாராயம் ஊற்றி ஆள் மாற்றி ஆள் கொடுப்பார். முதல் நாள் நான் வேண்டாம் என்றேன்.

"ஏனப்பா, கோயலுக்கா வந்திருக்கறே? தொட்டிக்கு வந்திருக்கறே. புடி."

"பழக்கமில்லீங்க."

"பவுடரு மட்டும் பழக்கமாக்கும்? அது நெஞ்சுக்குள்ள போறதுக்கு முந்தி இது போயி உக்காந்துக்கோணும். இதுதான் காவக்காரன்."

குடித்தேன். தொண்டையில் தீ இறங்கி வயிற்றில் விரிந்தது. பிறகு தண்ணீரில் கால் வைத்தால் குளிர் வேறு யாருக்கோ குளிர்ந்தது. பக்கத்துத் தொட்டியில் ஒருவர் பாட ஆரம்பித்தார். மிதிப்பு தாளத்தில் விழுந்தது. நல்லதாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினேன். குளிருக்கு என்றார் ஒருவர். பசி எடுக்கும் என்றார் இன்னொருவர். படுத்தால் தூக்கம் வரும், கால்வலி தெரியாது, மொதலாளி கத்துவது காதில் விழாது என்றார்கள். நானே சோதித்தும் பார்த்தேன். சில நாள் குடித்துவிட்டு இறங்குவேன், சில நாள் குடித்த மாதிரி பாவனை செய்து கீழே ஊற்றிவிடுவேன். குடிக்காத நாளில் குளிர் பிடுங்கியது உண்மை. ஆனால் இருமல் இரண்டு வகை நாளிலும் ஒரே மாதிரிதான் வந்தது.

குடித்த நாள் ஒன்றில் தொட்டித் துணியில் திடீரென்று ஒரு கறை பரவியது. என்னோடு ஜோடியாக மிதிப்பவர் குண்டடத்துப் பக்கத்துக்காரர். கிணறு வற்றி, வெள்ளாமைக் காட்டை விட்டுவிட்டு வந்தவர், என்னைவிட மூத்தவர். அவர்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி, ரத்தமாட்ட இருக்குது. உன்ற காலா, என்ற காலா?"

இருவரும் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தோம். என் கால். தொட்டியின் அடியில் பூச்சுப் பெயர்ந்து நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு உள்ளங்காலை நன்றாகக் கிழித்திருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

காலைத் தைத்த கம்பவுண்டரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். அவர் பொறுமைசாலி. "சூடு வந்த மாதிரி இருக்கும். நெஜத்துல உள்ள இருக்கற சூடு தோலு வழியா வெளிய போயிட்டிருக்கும்" என்றார். "சரீங்க, நெடிக்கு?" என்றேன். "சாராயம் வயித்துக்குப் போகுது. நெடி நெஞ்சுக்குப் போகுது. ரெண்டும் வழியில பாத்துக்கறதே இல்லையே, காவல் எப்படி இருக்கும்?" என்றார். பட்டறையில் வந்து இதைச் சொன்னேன். மூத்த தொட்டிக்காரர், "அவரு தொட்டீல எறங்கீருக்காராமா?" என்று மட்டும் கேட்டார். 

குண்டடத்துக்காரருக்கு என் ஆராய்ச்சி வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இது ஆராய்ச்சி இல்லை. காலையில் எழுந்ததும் அவர் கை நடுங்கும். டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ மணிக்கட்டில் வழியும். ஒரு கிளாஸ் உள்ளே போனால் நடுக்கம் நின்று, கை கல் மாதிரி ஆகிவிடும். இருமலும் மோசமாகிக்கொண்டே வந்தது. தொட்டியில் இனி அதிக நாள் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டம்மாவுக்கும் தெரியும்.

அந்த அம்மாவின் தம்பி ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். மச்சானைத் தொட்டியிலிருந்து மேலே ஏற்றிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேஸ்ட் துணியை அடுக்கிவைத்து, அளவு அட்டையை மேலே வைத்து, கத்திரி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். அவருக்கு அது ஆச்சரியப்படும்படி வந்தது. கட்டிங் ஆள் வேண்டும் என்று கம்பெனியில் சொன்னபோது தம்பி பேசி வைத்துவிட்டான். குறித்த நாளில் காலையில் போய் வெட்டிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு சிக்கல். அந்த மொதலாளி தறி நெய்த குடும்பத்துக்காரர், முருக பக்தர். சாராய வாடை அடித்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

குடித்தால் வாடை. குடிக்காவிட்டால் நடுக்கம். நடுங்கும் கையோடு துணி அடுக்கில் கத்திரி வைத்தால், ஒரு பனியன் அல்ல, அடுக்கு முழுவதும் போய்விடும்.

"அதுக்கு முந்தியே கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்களேன்" என்றேன்.

 அதற்கு வீட்டம்மாதான் பதில் சொன்னார். ஒரு தை மாதம் இவர் மாலை போட்டு, குடியை அடியோடு விட்டு, பழனிக்கு நடந்திருக்கிறார். தாராபுரம் தாண்டியதும் கை கால் வெட்டிக்கொண்டு, கண் மேலே செருக, ரோட்டில் விழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று பம்பையை வேகமாக அடித்தார்களாம். வாயில் நுரை தள்ளிக் கிடந்தவரிடம் ஒரு பெண், எங்க காட்டுக் கெணறு ஊறுமாங்க சாமி என்று குறி கேட்டாளாம். அவர் முனகியதை ஊறும் என்று எடுத்துக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனாளாம்.

"குடிய உட்டா சாமி வருது தம்பி" என்றார் குண்டடத்துக்காரர், கொஞ்சமும் சிரிக்காமல். "வந்தா இந்த ஒடம்பு தாங்கறதில்லை. அதுக்குப் பயந்துதான் உடறதில்லை."

கம்பவுண்டரிடம் போய் இதையும் கேட்டேன். அவர் முகம் மாறியது. "சாமியும் இல்லை, பூதமும் இல்லை. வருஷக்கணக்கா குடிச்சவன் ஒரேயடியா நிறுத்துனா ஒடம்பு அப்படி வெட்டும். உயிரே போயிரும். தானா நிறுத்த வேண்டாம்னு சொல்லு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டு வா." எனக்கு இது புதிதாக இருந்தது. குடித்தால் சாவான் என்றுதான் அதுவரை கேட்டிருந்தேன். ஆனால் வெட்டிக் காட்டும் நாள் நெருங்கிவிட்டது. டாக்டரைப் பிறகு பார்க்கலாம் என்றார் குண்டடத்துக்காரர்.

அன்று காலையில் அரை கிளாஸ் மட்டும் குடித்தார். கை நடுக்கம் நின்றது. துணைக்கு வரச் சொல்லியிருந்ததால் நான் போயிருந்தேன். என் முகத்துக்கு நேராக ஊதினார்.

"வாடை வருதா பாரு."

"எனக்கு என்னுங்ணா தெரியும்? என்ற மூக்குந்தான் போயிருச்சே. நீங்களே பாருங்க."

உள்ளங்கையில் ஊதி முகர்ந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டம்மா தண்ணிக்குப் போயிருந்தார். டீக்கடைக்காரரிடம் போய் ஊதினோம். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்க, காத்தாலயே வந்து மூஞ்சீல ஊதறீங்க? உங்க ரெண்டு பேருத்து மேலயும் பவுடரு நாத்தந்தான் வருது. அதுக்கு அக்கட்ட எதும் தெரியல போங்க."

குண்டடத்துக்காரரின் முகம் தெளிந்தது. எந்தக் கறையையும் எந்த நாற்றத்தையும் எடுக்கிற பொருள் எங்கள் கையில்தானே இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எனக்கும் அது சரியாகவே பட்டது. நேராகப் பட்டறைக்குப் போனார். ஒரு செம்புத் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை எடுத்து நன்றாகக் கொப்புளித்துத் துப்பினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஒண்ணுமில்லை, வா" என்று நடந்தார்.

கம்பெனியில் அவர் வெட்டியதை நான் டேபிள் ஓரத்தில் நின்று பார்த்தேன். கை நுழையும் கைக்குழி வளைவில் கத்திரி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மொதலாளி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"நெம்ப நல்லா வெட்டறீங்களே. எங்கீங்க பழகுனீங்க?"

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றபோது இருமல் வந்து, உதட்டோரம் எச்சிலில் ரத்தம் கலந்து வந்தது. மொதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வாயத் தொறங்க... அட முருகா! வாய்க்குள்ள சலவை போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ சிரித்தார்கள். மொதலாளி சிரிக்கவில்லை. மோர் வாங்கி வரச் சொல்லி, அவரே நின்று கொப்புளிக்க வைத்தார். எதற்காக இவர் அப்படிச் செய்தார் என்று மொதலாளிக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் துண்டுத் துணியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"காத்தால வெட்டுனது சுத்தமா இருக்குது. பொழுது சாஞ்சு சாராயம் எறங்குனப்பறம் எந்தக் கை வெட்டுமுங்க?"

நான் அத்தனை பேரிடம் கேட்டுத் திரிந்ததில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. குண்டடத்துக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொட்டிக்குப் போக வேண்டாம். மடிப்புல, பனியன் மடிக்கற எடத்துல உக்காருங்க. கை எப்பத் தானா நிக்குதோ, அப்பக் கத்திரியப் பேசிக்கலாம்" என்றார் மொதலாளி. வாய் வெந்திருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகு டாக்டரிடம் போனார்கள். அவர் சொன்னபடி சாராயத்தின் அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. மாத்திரையும் கொடுத்தார்கள். அதுவரை பாட்டிலைப் பிடுங்கி வாசலில் உடைத்துக்கொண்டிருந்த வீட்டம்மா இப்போது தானே வாங்கி வந்து, தானே அளந்து ஊற்றினார். லைன் வீடுகளில் இருந்த பெண்கள் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"இங்க பாரு, பொண்டாட்டி ஊத்திக் குடுக்கற ஊடு!"

"ஆமா, வாங்க. உங்க ஊட்டுக்காரரையும் அனுப்புங்க, ஊத்தித் தாரேன்" என்பார் அவர்.

ஆனால் அளவு குறையக் குறைய குண்டடத்துக்காரரின் பேச்சும் குறைந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, குண்டடத்துக் காட்டில் முயல் பிடித்த கதை சொல்வார். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் வீட்டம்மா என்னிடம் கேட்டார்.

"எல்லாருத்துகிட்டயும் கேட்டுட்டுத் திரியறீங்களே தம்பி, நீங்களே சொல்லுங்க. அந்த மனுசன் நல்லதா, இந்த மனுசன் நல்லதா?"

 இருமல் குறைந்திருக்கிறது என்றேன். "ஆமாங்க, அது கொறஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் சலவைத் துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். பொழுது சாயும் நேரம். மொதலாளி மடிப்பில் இருந்த குண்டடத்துக்கார‌ரை எழுப்பிக் கட்டிங் டேபிளுக்குக் கூட்டி வந்தார். அடுக்கும் அட்டையும் தயாராக இருந்தன. கத்திரியை எடுத்து முன்னால் வைத்தார்.

காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்காத கை அது. நேர்க்கோட்டில் கத்திரி நன்றாகப் போனது. வளைவு வந்ததும் விரல் ஒரு தரம் உதறியது. அவர் நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் வெட்டினார். மச்சினன் மிஷினை மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மொதலாளி துண்டை எடுத்து வளைவின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது பெரிய சைசுக்கு ஆகாதுங்க" என்றார். துண்டை டேபிளில் வைத்தார். "கொழந்தைக பனியனுக்குப் போதும். நாளைக்குக் காத்தாலயிருந்து அந்த டேபிள்ல நில்லுங்க."

வெளியே வண்டியருகே வந்து என் பக்கத்தில் நின்றார் குண்டடத்துக்காரர். வேர்த்துக் கொட்டியிருந்தது. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சின்ன சைசுதான் தம்பி" என்றார்.

"கத்திரிதானுங்ணா" என்றேன்.

"ஆமா. கத்திரிதான்." பிறகு, பிள்ளைகளுக்குப் பொரி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிக் கடைப் பக்கம் போனார்.