பதினான்காம் மேசையின் நோட்டு

நீல அட்டை போட்ட நீளமான நோட்டு அது. பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், ஒவ்வொரு மேசையிலும் அப்படி ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். காலை ஷிப்ட் முடிந்து எழுந்து போகிறவர் இயந்திரத்தின் நிலையை அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வந்து உட்காருகிறவர் அதைப் படித்து, ஓரத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்தொன்பது வயது. பதினான்காம் மேசையில் மதியம் நான், காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும் ஓர் அக்கா.

இப்போது அந்த நோட்டு அடிக்கடி நினைவுக்கு வருவதற்குக் காரணம் என் மகள். ஓய்வு பெற்றபின் கிள்ளான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். பெயர் வைத்தாயிற்று, என்ன நிறம் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு அதையும் முடிவு செய்தாயிற்று. மூன்று வாரமாகப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. வந்து பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்றும் நான்தான். "யாருக்கும்மா எழுதப் போறீங்க? ஃபிரெண்ட்ஸுக்கா, சொந்தக்காரங்களுக்கா? அத முதல்ல சொல்லுங்க லா" என்பாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

யாரோ ஒருத்தி படிப்பாள் என்று நம்பி எழுதிய ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும்.

அக்காவும் நானும் பேசிக்கொண்டது குறைவு. ஒரே மைக்ராஸ்கோப்பில் முடியளவு கம்பியைப் பார்த்துப் பார்த்து ஒட்டும் வேலை இருவருக்கும். அவர் மேலங்கியைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். "வந்துட்டியா? வரேன்லா" என்பார், அவ்வளவுதான். நோட்டில் முதலில் மலாயில் 'இயந்திரம் ஓகே' என்று எழுதுவார். அதற்குக் கீழே ஒரு நாள், பொடி எழுத்தில், தமிழில்: 'நாற்காலியின் பின்கால் ஆடுகிறது. பார்த்து உட்காரவும்.' நான் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். மறுநாள், 'அட்டைக்கு நன்றி தங்கச்சி' என்றிருந்தது.

அதிலிருந்து வளர்ந்தது. 'இன்றைக்குக் கேன்டீன் மீன் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, நீ வாங்காதே.' 'வலது பக்கம் மங்கலாகத் தெரிகிறது. லென்ஸா, என் கண்ணா, தெரியவில்லை.' கிள்ளானிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு வருவேன். ஆனால் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. கட்டம் கையெழுத்துக்கு மட்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் கூச்சம்.

ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: 'இன்றைக்கு என் பையன் இருந்திருந்தால் நாலு வயது. வீட்டில் அவன் பேரை எடுத்தால் மாமியார் எழுந்து போய்விடுகிறார். இவர் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். அதனால் இங்கே எழுதுகிறேன்.'

மூன்று முறை படித்தேன். பிறகு வழக்கம்போல ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று எல்லா மேசை நோட்டுகளையும் சூப்பர்வைசர் புரட்டினார். ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் இருவரையும் மேசையருகே நிறுத்தினார். "தினமும் நீதானே கையெழுத்துப் போடுற? இதுல என்ன எழுதியிருக்கு?" என்று மலாயில் என்னைக் கேட்டார். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். எங்கள் வீட்டில் தொழிற்சாலை வேலைக்கு வந்த முதல் ஆள் நான். "தாக் தாவு, பாஸ்" என்றேன். தெரியாது என்று. நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள், எனக்குத் தமிழ் வாசிக்க வராது என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை அவர் கேட்கவேயில்லை.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். என் அட்டை இன்னும் அந்த நாற்காலிக் காலுக்கடியில்தான் இருந்தது. "ஆமாம் பாஸ், இந்தப் புள்ளைக்குத் தெரியாது. நான்தான் சும்மா என் கதையக் கிறுக்குனேன்" என்று அவரும் மலாயில் சொன்னார். சூப்பர்வைசர் தமிழ் இருந்த பக்கங்களையெல்லாம் கிழித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எனக்கு வேலை நிரந்தரமானது.

அதன்பிறகு 'இயந்திரம் ஓகே' மட்டும்தான். நேரில் எப்போதும் போலச் சிரித்தார், "வரேன்லா" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். மேலங்கியை மாட்டுவதற்குள் அவர் கதவருகே போயிருப்பார். இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது.

ஒரு நாள் நான் போனபோது அவர் இல்லை, கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தார். நோட்டில் 'இயந்திரம் ஓகே'க்குக் கீழே, தமிழில்: 'அட்டை நைந்துவிட்டது. மாற்றிக்கொள்.' குடும்பத்தோடு சுங்கை பூலோ பக்கம் போகிறார்கள், இன்றைக்கு அவருக்குக் கடைசி நாள் என்று பக்கத்து மேசைக்காரி சொன்னாள். அன்றுதான் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் தமிழில் எழுதினேன், 'சரி அக்கா' என்று. மறுநாள் மதியம் நான் போனபோது அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

தேடியிருக்கலாம். சுங்கை பூலோ ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. வெட்கம் தடுத்தது, பிறகு கல்யாணம், பிள்ளை, வேலை. இப்போது அவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் வலைப்பூ எதையும் பார்க்கிறவராக இருக்கமாட்டார். கிழித்துப் போட்ட அந்தப் பக்கம் இன்று எங்கேயும் இல்லை. அதைப் படித்தவள் நான் ஒருத்திதான், படிக்கத் தெரியாது என்று சொன்னவளும் நான்தான்.

நேற்றுக் காலை மகள் வேலைக்குப் போனதும் கணினி முன் உட்கார்ந்தேன். நாள்காட்டியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தத் தேதியை எந்த வருடமும் நான் தவறவிட்டதில்லை. நோட்டின் ஓரத்துக் கட்டம் அளவுக்கு ஒரே ஒரு வரி எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டேன்.

'அக்கா, படித்தேன். இன்றைக்கு அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.'