இருட்டில் நகர்ந்த முள்

கைக்குழந்தைக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்று பெற்றவள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். கண்கள் சுத்தமாக இருக்கின்றன. பீளை இல்லை, சிவப்பு இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் "கண்ணைப் பாரேன், எவ்வளவு பெருசு!" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தக் கண்கள் என் முகத்தில் வந்து நிற்பதில்லை. என் காதுக்கு அருகில் எதையோ தேடுவதுபோல் போய்விடுகின்றன.

நான் ஓரளவு படித்தவள். என் அப்பா சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. என்னை ஈப்போவில் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். படிப்பு இருந்தால் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடித்தான் போயிற்று. எதைச் செய்தாலும் செய்த பிறகு, அப்படிச் செய்திருக்கக்கூடாதோ என்று தோன்றும்.

என் வீட்டுக்காரர் ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் மின்சாரப் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் கம்பெனி கொடுத்த வீட்டில் இருக்கிறோம். அவருடைய துரைக்கு இரண்டு வருஷமாக ஒரே ஒரு ஆசை. ஈய மணல் மூட்டைகளை வைக்கும் கிட்டங்கியின் வாசலில், குறுக்கே ஒரு வெளிச்சக் கதிரை ஓடவிட வேண்டும். இருட்டில் யாராவது உள்ளே நுழைந்து அதை மறைத்தால் மணி அடிக்க வேண்டும். அதற்கு வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண்ணாடி ட்யூப் தேவை. பார்ப்பதற்கு விளக்குக் குமிழ் மாதிரி இருக்கும். ஆனால் விளக்கு மின்சாரத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சம் தரும். இதுவோ, தன்மேல் வெளிச்சம் பட்டால் மட்டும் தன் வழியாக மின்சாரத்தை ஓடவிடும். சீமையிலிருந்து வரவழைத்த ட்யூப் வந்து சேர்ந்தபோதே செத்துப்போயிருந்தது. சரி, நாமே செய்வோம் என்று துரை இறங்கிவிட்டார். பட்டறையில் அதற்குப் பெயர் 'துரையோட கண்ணு'.

அந்தக் கண்ணுக்கு முதலில் உள்பக்கம் வெள்ளி பூச வேண்டும். பட்டறையில் எங்கே தொட்டாலும் எண்ணெயும் கரியும். "நம்ம அடுப்படிதான் ஈப்போவிலேயே சுத்தமான எடம்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் குமிழ்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கி நானும் கூட வேலை செய்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து, அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் காப்பிபோல் கலங்கும், பிறகு மெல்லத் தெளியும். தெளிந்ததும் சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துக் குமிழுக்குள் ஊற்றி, வெந்நீரில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி கறுத்து, பிறகு முகம் பார்க்கிற மாதிரி வெள்ளி படரும். வெளிச்சம் உள்ளே போவதற்கு ஒரு காசளவு இடத்தில் வெள்ளியைத் துடைத்து ஜன்னல் விடுவோம். மிஞ்சிய கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும் என்பதால், உடனே உப்புத்தண்ணீர் கலந்து கொட்டிவிடச் சொல்லியிருந்தார். கொட்டினோமா இல்லையா என்று நான் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அப்போது பாப்பா என் வயிற்றில் இருந்தாள். என் விரல்களெல்லாம் மருந்து பட்டுக் கறுத்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரின் மனைவி, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, மருதாணி வச்சா செவக்கும்பாங்க. ஒனக்கு மட்டும் கரியாப் போயிருக்கு?"

"மருந்துக்கா. வெள்ளி மருந்து."

"வெள்ளின்னா வெள்ளையால்ல இருக்கணும்? ஒன் வீட்டுக்காரரு நல்லா ஏமாத்துறாருலா!"

பாப்பா பிறந்து மூன்று மாதம் ஆனபோது எனக்குச் சந்தேகம் வந்தது. சொன்ன உடனே எல்லாரும் சோதித்துப் பார்த்தார்கள். அக்கா மண்ணெண்ணெய் விளக்கைக் கையில் எடுத்து, குழந்தையின் இடப்பக்கம் ஆட்டினார். பாப்பா திரும்பினாள். வலப்பக்கம் ஆட்டினார். அந்தப் பக்கமும் திரும்பினாள். "பார்த்தியா? கண்ணு கழுகு மாதிரி இருக்கு. சும்மா சுசா பண்ணிக்காதே, மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று அக்கா என்னை அடக்கினார். தினமும் நானே விளக்கைக் காட்டிப் பார்ப்பேன். தினமும் திரும்புவாள். தினமும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ட்யூப் வேலை முடியப்போகிறது, வந்து பார் என்று வீட்டுக்காரர் எங்களைப் பட்டறைக்கு அழைத்துப்போனார். துரை தலையசைத்து, ஓரமாக நிற்கச் சொன்னார். மண்ணெண்ணெய்க்குள் கிடந்த பொட்டாசியக் கட்டியை என் வீட்டுக்காரர் கத்தியால் வெட்டினார். வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் பளபளத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தீப்பிடிக்கும் என்றார். பாப்பாவோ மார்பெல்லாம் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

குமிழின் பக்கவாட்டில் இருந்த சிறு குழாய்க்குள் அந்தத் துண்டைப் போட்டு மூடி, பம்பால் காற்றையெல்லாம் உறிஞ்சினார்கள். பிறகு குழாயைச் சுடரில் காட்டினார்கள். உலோகம் உருகி, ஆவியாகி, நகர்ந்துபோய் நாங்கள் பூசிய வெள்ளியின் மேல் பனிபோல் படிந்தது. அதன் பிறகு கொஞ்சம் ஹைட்ரஜனை உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சியபோது குமிழ் முழுவதும் ஒளிர்ந்தது. வெள்ளையாக இருந்த பூச்சு நிறம் மாறி, மங்குஸ்தான் தோலின் நிறத்துக்கு வந்தது. அந்த நிறம் வந்தால்தான் வெளிச்சத்தை நன்றாக உணருமாம். மறுபடி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கழுத்தை உருக்கி அடைத்தார்கள்.

ஆறிய பிறகு ட்யூபை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, கம்பிகளை முள் உள்ள ஒரு கருவியோடு இணைத்தார்கள். பெட்டியின் சிறு கதவைத் திறந்ததும் முள் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கதவை மூடினார்கள். முள் திரும்பி வந்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. துரை பெட்டியின் மேல் கறுப்புத் துணியை நன்றாகச் சுற்றினார். அப்போதும் முள் பாதியில்தான் நின்றது. துரை உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, இருட்டிலயும் பார்க்குதா?" என்று கேட்டேன்.

"அட, அது பார்க்கலை. கண்ணாடி மேல ஈரம் ஏறியிருக்கு, நம்ம வெரல் அழுக்கும் இருக்கு. அது வழியாக் கரண்டு ஓடுது. முள்ளு பாட்டுக்கு நகருது, நாம வெளிச்சந்தான்னு நெனைச்சு சந்தோசப்படுறோம்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மொதல்ல நல்லா மூடி, இருட்டுல பார்க்கணும். அதுல எவ்வளவு நகருதுன்னு தெரிஞ்ச பெறகுதான் வெளிச்சத்தைக் காட்டணும். நாங்க அவசரப்பட்டு மாத்திச் செஞ்சிட்டோம். தாப்பா, பரவாயில்லை, ஸ்பிரிட்டால தொடச்சு மெழுகு பூசுனா சரியாயிடும்."

ரிக்‌ஷாவில் வரும்போது அவர் மெழுகைப் பற்றியே பேசிக்கொண்டுவந்தார். நான் மடியில் இருந்த பாப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும், ஜன்னல்களை அடைத்துவிட்டுப் பாப்பாவைப் பாயில் கிடத்தினேன். விளக்கைக் கையில் எடுத்தேன். ஆனால் கொளுத்தவில்லை. எப்போதும்போல் இடப்பக்கம் ஆட்டினேன்.

பாப்பா திரும்பினாள்.

வலப்பக்கம் ஆட்டினேன். திரும்பினாள், சிரிக்கவும் செய்தாள். என் கையைப் பார்த்தேன். முழங்கைப் பக்கம்வரை கண்ணாடி வளையல்கள். அக்காவின் கையிலும் அப்படித்தான். இத்தனை நாளும் விளக்கோடு சேர்ந்து அவையும் குலுங்கியிருக்கின்றன.

சோப்பைத் தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். விளக்கைக் கொளுத்தி, சத்தம் இல்லாமல் கொண்டுபோனேன். பாப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை காட்டியபோது லேசாகத் தலை அசைந்தது. மண்ணெண்ணெய் நாற்றத்துக்கா, சூட்டுக்கா, தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

"ஐயையோ! என்ன புள்ள இது? புருசன் வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல கையை மொட்டையாக்கிட்டு நிக்கிறே!"

"பாப்பாவைப் பார்க்கத்தான்க்கா..."

"பாப்பாவைப் பார்க்கக் கண்ணு போதாதா? எடுத்துப் போட்டுக்க மொதல்ல. என் சாமி வேற, ஒன் சாமி வேறதான். ஆனா இது எந்தச் சாமிக்கும் ஆவாது!"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நம்பாமல், விளக்கை அணைத்துவிட்டுத் தானே எடுத்து ஆட்டிப் பார்த்தார். பாப்பா திரும்பியதும் அவர் முகம் மாறிவிட்டது. பிறகு தன் வளையல்களையும் கழற்றி என்னுடையவற்றோடு வைத்தார்.

"கதவைச் சாத்து. யாராச்சும் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே நாள்ல தாலியறுத்துட்டோம்னு சொல்லிடுவாங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அக்கா தன் வீட்டிலிருந்து டார்ச்சு விளக்கைக் கொண்டுவந்தார். அதில் நாற்றமும் இல்லை, சூடும் இல்லை. சாமான் அறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காட்டினோம். பாப்பா திரும்பவில்லை. ஆனால் விரல் சூப்பிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். இமைகள் பாதி மூடின. அணைத்தால் மறுபடி சூப்பினாள்.

"கண்ணைச் சுருக்குனாள்ல? தெரியுதுலா, தெரியுது!" என்றார் அக்கா.

வெளிச்சம் உள்ளே போகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. போன வெளிச்சத்தை அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "ட்யூப்புக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் செஞ்சு பார்ப்பியா?" என்றார். பிறகு கடிகாரச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு மெதுவாகப் போய், டார்ச்சைத் தானே காட்டிப் பார்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு எப்போதோ போய்விட்டது.

"அந்த வெள்ளி மருந்து..." என்றார்.

நான் அந்த நினைப்பைப் பல மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர் டிரஸ்ஸர் அண்ணனிடம் கேட்டோம். அதே மருந்தைத்தான், நீர்க்கக் கரைத்து, ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளின் கண்ணில் கண்நோய் வராமல் இருக்கச் சொட்டு விடுகிறார்கள் என்று சொன்னார். எனக்கு ஆறுதல் வந்தது. வீட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது. பாப்பா வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவள். அவளுக்கு யாரும் அந்தச் சொட்டை விடவில்லை. மருந்து பட்டதால் வந்ததா, படாததால் வந்ததா என்று இரண்டு பக்கமும் யோசிக்கிறேன்.

அண்ணன் மூலமாக ஆஸ்பத்திரி டாக்டரையும் பார்த்தோம். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது, கண்ணில் குறை ஒன்றும் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பார்வை பிந்தி வரும், ஒரு வயது முடிந்ததும் கொண்டுவா, அப்போதும் இப்படியே இருந்தால் பினாங்கில் கண் டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். பிந்தி என்றால் எவ்வளவு பிந்தி என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

மெழுகு பூசிய ட்யூப் இப்போது கிட்டங்கி வாசலில் ஒழுங்காக வேலை செய்கிறது. மழை பிடித்துக்கொண்டால் மட்டும் மக்கர் செய்யுமாம். அதை இருட்டில் வைத்துப் பார்த்தார்கள், குறையைக் கண்டார்கள், துடைத்தார்கள், முடிந்தது. நான் பாப்பாவைச் சோதிப்பதற்காக வளையல் போடாமலேயே இருந்தேன். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கவில்லை. வீட்டுக்காரரும் தடுக்கவில்லை. ஆனால் சில நாளில் இன்னொன்று ஆரம்பித்தது. நான் தூக்கினால் பாப்பா பதறி அழ ஆரம்பித்தாள். முன்பெல்லாம் நான் அடுப்படியிலிருந்து வரும்போதே காலை உதைத்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது கிட்டே போய் நின்றாலும் வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. திடீரென்று இரண்டு கைகள் வந்து தூக்குகின்றன.

"போட்டுக்க. அவளுக்கு அந்தச் சத்தந்தான் நீ" என்கிறார் வீட்டுக்காரர். அக்காவோ, "காதே எல்லா வேலையும் செஞ்சிட்டா கண்ணு சோம்பேறியாயிடும்லா. கொஞ்ச நாள் பொறுத்துக்க, அவளாத் தேடிப் பார்ப்பா" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. காலையில் வளையலைப் போட்டுக்கொள்கிறேன். பாப்பா சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அவள் கண்ணுக்கு நான் கெடுதல் செய்கிறேனோ என்று மத்தியானம் கழற்றிவிடுகிறேன். அவள் அழுகிறாள். மறுபடி போட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற தாய்மார்களில் யாருக்காவது பிள்ளைக்குப் பார்வை பிந்தி வந்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எந்த மாதத்தில் வந்தது, முதலில் எதைப் பார்த்தது, அது உங்களைத்தான் பார்க்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று சொல்லுங்கள். வராமலே போயிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் கையில் வளையலோடு அவளிடம் போகட்டுமா, கழற்றி வைத்துவிட்டுப் போகட்டுமா?