ஆறுமுகத்தின் பென்ஷன்

இன்று தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஊரிகம் லைனே பரபரப்பாக இருந்தது. இறந்தவர்கள் பெயரிலும் முதியோர் பென்ஷன் போகிறதாம். அதை நிறுத்த, மைசூர் சர்க்காரின் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "ஆறுமுகத்தைக் கூப்பிடுங்க" என்றார்.

ஆறுமுகம் காலமாகி ஒரு வருஷமாகிறது.

அவர் மனைவி சின்னம்மாவே முன்னால் வந்தார். "அவரு செத்துட்டாரு சார். நான்தான் வாங்கித் துன்னேன். இன்னா பண்றீங்களோ பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னியோட அது நின்னுச்சிம்மா. உங்க வயசுக்கு உங்க பேர்லயே பென்ஷன் உண்டே, ஏன் கேக்கல?"

"யாரும் சொல்லல சார்."

அங்கேயே மனு எழுதிக் கைநாட்டு வாங்கினார். சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நாளை இன்ஸ்பெக்டர் பக்கத்து மாரிகுப்பம் போகிறாராம். மாரிகுப்பத்து நண்பர்களே, உங்கள் லைனில் யார் யார் உயிரோடு இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.